அடிக்குரலுக்கு ஆள் வேண்டும்

என் வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, முதல் சில மாதங்கள் வீட்டில் கெட்டுப்போகாத எல்லாவற்றையும் ரிப்பேர் செய்தார். அங்கே அவர் ஏசி மெக்கானிக். கல்யாணமான மறுவருஷம் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், கொண்டுவந்த பெட்டியின் வாசனை வீட்டைவிட்டுப் போவதற்குள் மறுபடியும் விமானம் ஏறிவிடுவார். எங்கள் இரண்டு பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு தடவையும் என் அண்ணன்தான் என் பக்கத்தில் நின்றார். இப்போது பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் நான், அவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மிக்ஸி. அந்த மிக்ஸியை அவர் பிரித்துப் போட்ட நாளிலிருந்து நான் தேங்காயை அம்மியில்தான் அரைத்துக்கொண்டிருந்தேன்.

ஆளுக்கு வேலை இல்லாததுதான் நோய் என்று எனக்குத் தெரியும். ஜங்ஷனுக்குப் போய் ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால் போன வேகத்தில் திரும்பிவந்துவிடுவார். கல்ஃப்காரனை எங்கள் ஊரில் யார் பார்த்தாலும் கேட்பது இரண்டே கேள்வி: "எப்பம் வந்திய? எப்பம் போறிய?" இனிப் போகவில்லை என்று இவர் சொன்னதும், துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் இவரிடம் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு வந்து மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார்.

அப்படி இருந்த மனிதர் ஒருநாள் காலையில், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருக்கும்போது சொன்னார்:

"ஏட்டி, நான் கொயர்ல சேரப்போறேன்."

கையில் எடுத்த கிழங்கை நான் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. நான் எங்கள் சபையின் கொயரில் வெகுகாலமாக ஆல்டோ பாடுகிறவள். வேலையும் காதை வைத்துச் செய்த வேலைதான். நாகர்கோவில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, கையால் லைன் இணைக்கிற அந்த ஸ்விட்ச் போர்டெல்லாம் போன பிறகும் அதே ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றேன். ஒரு குரலைக் கேட்டால் ஆளுக்குச் சளி பிடித்திருக்கிறதா, ஆள் பொய் சொல்கிறாரா என்றுகூடச் சொல்லிவிடுவேன். இந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அந்தக் காலத்தில் இவர் அங்கிருந்து போன் பண்ணும்போது, எங்கள் கல்யாண நாளென்றால் ஒரு பாட்டின் இரண்டு வரியைப் பாடிக் காட்டுவார். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். கடல் தாண்டி வருகிற சத்தம், வழியில் கோணிப் போகிறது என்று சமாதானம் செய்துகொள்வேன். லைன் பார்ப்பதுதான் என் வேலை, ஆனாலும் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை. அவர் திரும்பிவந்து குளிமுறியில் பாடின முதல் நாளே தெரிந்துவிட்டது. லைனில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை.

கொயரில் சேரும் யோசனை அவருக்கு எப்படி வந்தது என்றால், எங்கள் கொயர் மாஸ்டர் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, "நம்ம கொயருக்கு அடிக்குரல் பாட ஆள் வேண்டும், ஆர்வமுள்ள ஆண்கள் வரலாம்" என்று அறிவித்திருந்தான். அவன் எனக்கு மருமகன் முறை. திருவட்டாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கொயர் என்றால் நான்கு குரல். பெண்களில் மேலே சோப்ரானோ, கீழே ஆல்டோ. ஆண்களில் மேலே டெனர், எல்லாவற்றுக்கும் அடியில் பேஸ். எங்கள் அருமனை சுற்றுவட்டாரத்தில் அடித்தொண்டை உள்ள ஆண்களுக்குக் குறைவே கிடையாது. ஆனால் மீசை முளைத்துக் குரல் உடைந்ததும் அத்தனை பேரும் பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறார்கள். எங்கள் ஊர் பேஸ் முழுக்க வளைகுடாவில் கிடக்கிறது. மிச்சமிருந்தது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மட்டும். அவருக்கும் முட்டுவலி, நிற்க முடியாது, நாற்காலியில் இருந்துதான் பாடுவார். ஆகவே அந்த அறிவிப்பு தனக்காகவே செய்யப்பட்டதென்று என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். தேவை என்று யாரோ சொல்லிக் கேட்டு அவருக்கு எவ்வளவோ நாளாகியிருந்தது.

முதல் பயிற்சிக்கு மடிப்புக் கலையாத சட்டை, சென்ட். சென்ட் பாட்டுக்கு உதவாது என்று சொன்னேன், கேட்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கொயர் மாஸ்டர் கையை உயர்த்தியதும் பாடினார் பாருங்கள்! சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் பாடியது பேஸ் இல்லை. சோப்ரானோக்காரிகள் பாடுகிற அதே மெட்டை, ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டைக் கனமான குரலில் பாடினால் அதுதான் பேஸ் என்று எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் இன்றும் நம்புகிறார்கள். பேஸ் என்பது வேறு வழி. மெட்டு மேலே போகும்போது அது கீழே இறங்கும், மெட்டு ஓடும்போது அது ஒரே இடத்தில் நிற்கும். தனியாகக் கேட்டால் பாட்டு என்றே தோன்றாது. இவர் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. டிரைவர் பாவம், சரியாகப் பாடிக்கொண்டிருந்த மனிதர், மூன்றாவது பாட்டில் இவர் பின்னால் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டார்: "எப்பிடி இருந்து?"

"கேட்டுது," என்றேன்.

அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுவாரம் கொயர் மாஸ்டர் வீட்டுக்கு வந்தான். இவர் எங்கேயோ வெளியே போயிருக்கிறார் என்று நினைத்து, திண்பண்டமும் கட்டன் சாயாவும் கொடுத்து உட்கார வைத்தேன். அவன் மழையைப் பற்றிப் பேசினான், ரப்பர் விலையைப் பற்றிப் பேசினான். கிளாஸின் விளிம்பைப் பெருவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தான். சொல்லக் கூச்சமான காரியம் இருந்தால் அவன் அப்படித்தான் செய்வான்.

"மாமி, ஒரு காரியம் உண்டு. தப்பா எடுக்கப்பிடாது."

"சொல்லு மக்கா."

"மாமாவுக்கு எலெக்ட்ரிக் வேலையெல்லாம் அத்துப்படி இல்லியா? நம்ம மைக் செட் ஒண்ணு பாத்துக்கிட ஆளில்ல. அவரு பாட்டு பாடதுக்குப் பதிலா, மைக் செட்டுக்கிட்ட நிண்ணா..."

எனக்குப் புரிந்துவிட்டது. கோபமும் வந்தது. அவன் சொல்வது நியாயம் என்பதால் கோபம் கூடியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஆலயத்தில் கேரல் ஆராதனை. பக்கத்துச் சபைக்காரர்களெல்லாம் வந்து உட்கார்ந்து, யார் எங்கே சறுக்குகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

"கேரலுக்கு இன்னும் நாள் கெடக்குல்லா," என்றேன்.

"டிசம்பர் பொறக்கது வரை பாப்போம் மாமி. அதுக்குள்ள செரியாவல்லேன்னா நீங்கதான் மாமாகிட்ட பையப் பறயணும். நான் பறஞ்சா கொள்ளாது."

பையச் சொல்வது எப்படி என்று நானும் யோசித்துத்தான் பார்த்தேன். ஒரு நாள் சொல்லப் போனேன். கொயரில் கொடுத்த சுரத்தாளை மேசைமேல் விரித்து, கலர் பேனா வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சபைகளில் மிஷனரி காலத்திலிருந்தே எழுத்துக் குறிகளை வைத்துத்தான் சுரம் எழுதுவது. டி, ஆர், எம் என்று இங்கிலீஷ் எழுத்தும், நடுவில் புள்ளியும் கோடும். இவர் அதை வயரிங் டயக்ராம் மாதிரி பாவித்திருந்தார். சோப்ரானோவுக்குச் சிவப்பு, பேஸுக்கு நீலம். "சூடு பைப்பு மேல, கூலிங் பைப்பு கீழ," என்று எனக்கு விளக்கம் வேறு.

இன்னொரு நாள் ஜங்ஷனுக்குப் போனவர் வெகுநேரமாகியும் வரவில்லை. தேடிப் போனால் சாயாக்கடையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் கேரலுக்கு என்ன பாட்டு வச்சிருக்கிய?" என்று ஒருவர் கேட்க, இவர் கமிட்டி முடிவு மாதிரி, "அதெல்லாம் இப்பம் பறயக்கூடாது" என்கிறார். எப்பம் போறிய என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நான் கடைக்குள் போகாமலே திரும்பிவந்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மைக் செட் என்ற வார்த்தையை வாயில் எடுக்க என்னால் ஆகாது. எடுத்தால் அவர் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொள்வார். மிக்ஸியிடம் போய் உட்கார்ந்துவிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

சொல்ல முடியாதவள் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பேஸ் வரியை நான் மனப்பாடம் செய்து, என் தொண்டையில் எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு கீழே வைத்து அவர் காதுக்குள் பாடுவேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார். பிறகு வாயைத் திறந்து மெட்டைப் பாடுவார். பொறுமையாக மறுபடியும் பாடுவேன். மறுபடியும் மெட்டு. "நீ பாடினதைத்தானே நானும் பாடினேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். போனில் சுருதி காட்டுகிற ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒரு முள் ஆடும், சுருதி சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். மீட்டரில் முள் ஆடுவதைப் பார்த்தால் அவருக்கு ஒரு தெம்பு. பச்சை விளக்கு அவருக்காக எரிந்ததைவிட எங்கள் வீட்டுச் சேவலுக்காக எரிந்தது அதிகம். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

திருப்பம் வந்தது ரப்பர் ரோலரில். எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. தட்டில் உறைந்த பாலை ரோலருக்குள் கொடுத்து ஷீட்டாக அடிக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, ஒருவர் மறுபக்கம் ஷீட்டை வாங்க. அவர் சுற்றிக்கொண்டிருந்தார், நான் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் வாயில் அதே மெட்டு. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது.

"அங்க பெரிய பெரிய கட்டடத்திலெல்லாம் ஏசி நோக்கினியளே," என்றேன், "கோளாறு எங்கேன்னு எப்பிடிக் கண்டுபிடிப்பிய?"

"காதை வச்சுத்தான். மேல ஃபேன் சத்தம், காத்துச் சத்தம், எல்லாம் கெடக்கும். அதையொண்ணும் கேக்கப்பிடாது. அடியில கம்ப்ரெஸர் ஒண்ணு மூளிட்டிருக்கும். அத மட்டும் பிரிச்செடுத்துக் கேக்கணும்."

"அப்பம் சோப்ரானோ ஃபேன். பேஸ்தான் கம்ப்ரெஸர்."

கைப்பிடி நின்றுவிட்டது. ஷீட் பாதியில் தொங்கியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வருஷக்கணக்காக நான் எதையோ ஒளித்து வைத்திருந்த மாதிரி.

"இத நீ ஆத்தியமே பறஞ்சிருக்கலாம்லா?"

அன்றிலிருந்து வேறு ஆள். டிரைவரின் குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்க ஆரம்பித்தார். வீட்டில் நான் பேஸை முனகுவேன், அவர் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்வார். ஷீட் அடிக்கும்போது, மீன் கழுவும்போது, கிழங்கு நறுக்கும்போது எப்போதும் பேஸ்தான். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இடையிடையே மெட்டு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், நான் முறைத்தால் திரும்பிவருவார். டிசம்பர் பிறந்தபோது, பயிற்சி முடிந்து கொயர் மாஸ்டர் என்னைப் பார்த்தான். மைக் செட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாரையோ அதற்குப் பிடித்துவிட்டானாம். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அன்று கடையில் நல்ல நெய்மீனாகப் பார்த்து வாங்கினேன்.

இத்தனையிலும் என் ஆல்டோவை நான் ஒருநாள்கூடப் பாடிப் பார்க்கவில்லை. எதற்கு? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன் என்ற திமிர்தான்.

கேரல் சாயங்காலம் ஆலயம் நிரம்பிவிட்டது. எங்கள் ஆலயத்தில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். குடும்பமாக வந்தாலும் வாசலில் பிரிந்துவிட வேண்டியதுதான். கொயரும் அப்படியே நிற்கும், நடுவில் நடைபாதை. அந்தப் பக்கம் பேஸ் வரிசையில் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்டுமாக என் வீட்டுக்காரர். முதல் பாட்டு முழுக்க நான் அவரையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டிக்கொண்டு அழகாகப் போனார். இரண்டாவது பாட்டிலும் அப்படித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

மூன்றாவது பாட்டில் ஓரிடம் மெதுவாகப் பாட வேண்டிய சரணம். கீபோர்டை நிறுத்திவிடுவார்கள், குரல்கள் மட்டும்தான். கொயர் மாஸ்டர் விரலை அசைத்ததும் நான் வாயைத் திறந்தேன். வந்தது பேஸ். நல்ல தெளிவான, சுருதி பிசகாத பேஸ், ஆல்டோ வரிசையின் நடுவிலிருந்து. பக்கத்தில் நின்றவள் பாம்பைக் கண்ட மாதிரி திரும்பினாள். சட்டென்று நிறுத்தி ஆல்டோவைத் தேடினேன். இல்லை. என் தலைக்குள் அந்த இடத்தில் நீலக்கோடு மட்டும்தான் இருந்தது. மறுபடி வாயைத் திறந்தால் மறுபடியும் பேஸ். கடைசியில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவர் இம்மியும் அசையாமல் பாடிக்கொண்டிருந்தார். கம்ப்ரெஸர் நிற்கவே இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே கேக்கும் காப்பியும் கொடுத்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்க்கும்போது மணிக்கூண்டுப் பக்கம் கொயர் மாஸ்டர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். என்ன பேசுகிறான் என்று கேட்கவில்லை. ஆனால் கையிலிருந்த காப்பிக் கிளாஸின் விளிம்பைப் பெருவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு நடந்தோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். போன் டார்ச்சை என் காலடியில் அடித்துக்கொண்டு வந்தார். பனி நன்றாக இறங்குகிறது என்றார். மிக்ஸிக்கு ஒரு பார்ட்ஸ் நாகர்கோவிலில் கிடைக்கும் என்றார். கேக்கில் முந்திரி குறைவு என்றார். பாவம் என்று தோன்றினாலும் நான் உதவிக்குப் போகவில்லை.

"அவன் என்ன பறஞ்சான்?" என்று கடைசியில் நானே கேட்டேன்.

"ஆரு?"

"மைக் செட்டா எனக்கு?"

அவர் நின்றுவிட்டார். டார்ச் ஒரு மரத்தின்மேல் போய் நின்றது.

"மைக் செட்டு எனக்குள்ளதுல்லா," என்றார். "அவன் அன்னைக்கு வீட்டுல வந்து பறஞ்சப்பம் நான் அடுக்களைக்குப் பொறத்த மிக்ஸியப் பிரிச்சிட்டிருந்தேன். எல்லாம் கேட்டுது."

அத்தனை மாதமும் தெரிந்துதான் சென்ட் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார், தெரிந்துதான் நீலக்கோடு போட்டிருக்கிறார்.

"பிறவு ஏன் ஒண்ணும் பறயாம மிண்டாம இருந்திய?"

"நீ வந்து பறயட்டும், நிறுத்திருவோம்னு இருந்தேன். நீ பறயல்ல. காதுக்குள்ள வந்து பாட ஆரம்பிச்ச. அப்பம் நினைச்சேன், நமக்கும் ஒரு ஆள் உண்டு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "இப்பம் உனக்கும் அவன் மைக் செட்டுதான் பறஞ்சான். அவளுக்கு ஆல்டோ மறந்துபோச்சுன்னா பேஸ் தெரியும், எனக்கப் பக்கத்துல நிப்பாட்டு, இல்லேன்னா ரெண்டு பேரும் வரல்லன்னு பறஞ்சிட்டேன்."

புதுவருஷத்துக்குப் பிறகு வந்த ஞாயிறு, நான் நடைபாதையைத் தாண்டி வலப்பக்கம் போனேன். ஆண்கள் வரிசையில் சேலையா என்று கமிட்டியில் ஒருவர் முணுமுணுத்தாராம். கொயருக்கு ஆண் பக்கம், பெண் பக்கமெல்லாம் கிடையாது என்று போதகர் சொல்லிவிட்டாராம். டிரைவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார். கல்யாணத்தன்று மோதிரம் மாற்ற நின்றதற்குப் பிறகு, அந்த ஆலயத்துக்குள் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது அன்றுதான். அதை யோசித்துக்கொண்டு நின்றதில் முதல் சுரத்தை விட்டுவிட்டேன். அவர் சரியாக எடுத்தார்.

இரண்டாவது சரணத்தில் அவர் சுருதி லேசாக இறங்கியது. இவ்வளவு காது இருந்தும் இழுத்து நிறுத்தத் தோன்றவில்லை எனக்கு. நானும் கூடவே இறங்கினேன். கொயர் மாஸ்டர் திரும்பி எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தான். பார்க்கட்டும்.